ஏற்காட்டில் பத்திரிகைக்கு ஷூட்: முதல்முறை உதவியாளராக வருகிறவர்களுக்கு

கல்யாண ஆல்பம், காதுகுத்து, கடைத் திறப்பு என்று நாலைந்து வருடம் கேமரா பிடித்த பிள்ளைகள் சேலத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் அடிக்கடி எனக்குப் போன் போட்டு, "அண்ணே, அடுத்த பத்திரிகை ஷூட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்கண்ணே" என்று கேட்பார்கள். கூட்டிப் போவேன். ஆனால் கிளம்புவதற்கு முன் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, போனில் சொல்லி முடிவதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு மாத இதழ் உழைக்கும் பெண்களைப் பற்றிய கட்டுரைக்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிப்பவர்கள் பாதி, சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருப்பவர்கள் மீதி. ஒரு நாள் மலை, ஒரு நாள் ஊர்.

விளம்பரப் படம் பொருளை விற்க வேண்டும். கல்யாணப் படம் அந்த வீட்டாருக்குப் பிடித்தால் போதும். பத்திரிகைப் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டுரை நிற்கிறது, வாசகர் இரண்டையும் சேர்த்துத்தான் நம்புகிறார். "காப்பி பறிப்பவர்" என்று எழுதியிருந்தால் படத்தில் இருப்பவர் காப்பி பறிப்பவராகவே இருக்க வேண்டும். மாடலுக்கு இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிவிட்டு எடுத்தால் அது ஃபேஷன் பக்கம். அதற்கும் இதழில் இடம் உண்டு. வாசகருக்கு அது ஃபேஷன் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஒரு சம்பவம். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் நடந்தது. ஓர் எஸ்டேட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பறிப்பதை விட்டுவிட்டு வந்து நின்றார். அவரை நிறுத்திய பிறகுதான் லைட் ஸ்டாண்டைப் பிரித்தேன். லைட்டை மின்னவைக்கும் ட்ரிகர் வேலை செய்யவில்லை. பேட்டரி மாற்றினேன். வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிக்கூடான சாஃப்ட் பாக்ஸ் காற்றில் சாய்ந்தது, மறுபடி கட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் எடை போடும் இடத்துக்குப் போனபோதுதான் எனக்கு விளங்கியது: அங்கே கூலி, பறித்த பழத்தின் கிலோ கணக்கு. மற்றவர்களின் சாக்கு வாய்வரை நிறைந்து நின்றது, அவருடையது முக்காலுக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. பறிப்பவர்களை மேற்பார்க்கும் மேஸ்திரி எடையைச் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு, பழச்சாறு பிசுபிசுத்த விரல்களை முந்தானையில் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார். குறைந்த கூலியைக் கொடுத்தேன், தயங்கித்தான் வாங்கினார். அன்றைக்கு எடுத்த படம் நன்றாகவே வந்தது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மடங்கிய சாக்குதான் நினைவுக்கு வருகிறது.

அன்றிலிருந்து என் ஷூட்டில் ஒரே ஒரு சட்டம். கேமராவுக்கு முன்னால் வருகிறவர் நமக்காகக் காத்து நிற்கக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும், பையில் எதை எந்த அறையில் வைப்பது என்பது வரை, இந்தச் சட்டத்துக்காகத்தான்.

பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் வேலை கட்டுரையைப் படிப்பது. முழுதாக எழுதி முடித்திருக்காவிட்டால் ஆசிரியரிடமோ எழுதுகிறவரிடமோ பத்து நிமிடம் பேசுங்கள். அடுத்து லே-அவுட் செய்பவரிடம், "ஆறு பக்கத்தில் எந்தப் பக்கம் எப்படி வருகிறது?" என்று கேளுங்கள். தொடக்கத்தில் இரண்டு பக்கமும் விரிந்த ஒரு படம், பிறகு ஒரு முழுப்பக்க முகம், நடுநடுவே சின்னப் படங்கள் என்று சொல்வார்கள். அதைக் கேட்ட நிமிடமே வேலை பாதி தெளிவாகிவிடும்.

இரண்டு பக்கமும் விரியும் படத்தில் நட்டநடுவில் முகத்தை வைத்தால் இதழின் மடிப்பு மூக்கின் மேல் விழும். ஆளை இடது பக்கமோ வலது பக்கமோ நிறுத்த வேண்டும், தலைப்பு எழுத வெற்றிடம் விட வேண்டும். அட்டைக்குப் போகும் படம் என்றால் தலைக்கு மேல் இதழின் பெயர் உட்கார இடம் வேண்டும். ஓரத்தில் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் போய்விடும். அச்சுக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று வைத்துக்கொண்டால், ஏ4 அளவில் ஒரு முழுப்பக்கத்துக்கு 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். இரண்டு பக்கத்துக்கு 4960-க்கு 3508, ஏறக்குறைய 17 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்துவிட்டு "பிறகு வெட்டிக்கொள்ளலாம்" என்று இருந்தால் வெட்ட அதிகம் மிஞ்சாது. எடுக்கும்போதே ஃபிரேமை நிரப்பப் பழகுங்கள்.

இதை வைத்து ஷாட் லிஸ்ட் எழுதுங்கள். இடத்தைக் காட்டும் அகலமான படம், ஆள் வேலை செய்யும் படம், நேராகப் பார்க்கும் முகம், கைகள், பொருள், வேலை முடிந்த பிறகு ஓய்வாக இருக்கும் ஒரு கணம். இதற்கு மேல் எழுதினால் அந்த நாளே லிஸ்டைச் சரிபார்ப்பதில் போய்விடும்.

ரெக்கி

போட்டோ எடுப்பதற்கு முன்னால் இடத்தை நேரில் போய்ப் பார்ப்பதைத்தான் ரெக்கி என்கிறோம். கூகுள் மேப்பில் பார்த்தால் போதாது. எந்த நேரத்தில் எடுக்கப் போகிறோமோ அந்த நேரத்தில் போய் நிற்க வேண்டும்.

மலையில் முதலில் பருவத்தைக் கேளுங்கள். பழம் பறிப்பு பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை. மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று விழுந்த பிறகு காப்பிச் செடி முழுக்க மல்லிகை போல வெள்ளையாகப் பூக்கும். சில நாள்தான் நிற்கும், அதற்கு முன்கூட்டியே தேதி குறிக்க முடியாது, எஸ்டேட் ஆளிடம் சொல்லிவைத்து போன் வந்ததும் ஓட வேண்டும். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் ஏரிப் பக்கம் வண்டி நகராது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே இந்த மலைக்குக் காப்பி வந்துவிட்டது. ஆகவே பல தோட்டங்களில் நிழல் மரங்கள் நன்றாக வளர்ந்து ஓங்கி நிற்கும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி சுற்றி ஏறியிருக்கும். பார்க்க அழகு, வெளிச்சத்துக்குச் சிக்கல். கிழக்குச் சரிவில் எத்தனை மணிக்கு வெயில் இலைகளைத் தாண்டி இறங்குகிறது, மேற்குச் சரிவு எத்தனை மணிக்கு இருட்டுகிறது என்று நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் திசைகாட்டி இருக்கிறது, அது போதும்.

நம் ஊர் வெயிலைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், எல்லா வேலைக்கும் உதவும். சேலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11.7 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போது வெளியில் முகம் எடுத்தால் கண் இரண்டும் குழியாக இருண்டுவிடும். டிசம்பர் கடைசியில் நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்து 55 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். பறிப்புக் காலத்தில் பதினொரு மணிக்கும் ஓரளவு வேலை செய்ய முடிவது இதனால்தான்.

ரெக்கியின்போதே அனுமதியையும் முடித்துவிடுங்கள். எஸ்டேட் தனியார் இடம், உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்ஆப் செய்தியாக இருந்தாலும் சரி. காப்புக்காட்டுக்குள் எடுப்பதென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். சேர்வராயன் கோயில் மலை உச்சியில் இருக்கிறது, வெட்டவெளி, வானம் முழுக்கத் தெரியும், படத்துக்கு ஆசை வரும். அது மலைவாழ் மக்கள் கும்பிடும் இடம். கோயிலில் இருப்பவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன எல்லைக்கு வெளியே நின்று எடுங்கள்.

உரிமையாளர் சரி என்று சொல்லிவிட்டார் என்பதற்காகப் பறிக்கும் பெண்களும் சரி என்று சொன்னதாக ஆகாது. அவர்களிடம் தனியாக, மேஸ்திரி பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும். "வேணாங்க தம்பி" என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

கால்ஷீட்

சினிமாவில் கால்ஷீட் என்றால் நடிகர் கொடுத்த தேதி. போட்டோ ஷூட்டில் அது ஒரு தாள்: யார், எங்கே, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதி எல்லோருக்கும் முதல் நாளே அனுப்புவது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான் நாம் மலைக்குப் போகிறோம். டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கி நூற்றுக்கு மேல் படம் எடுத்த ஸ்டூடியோ அது. அவர் நேரக் கட்டுப்பாட்டுக்குப் பேர்போனவர். ஸ்டூடியோ போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. அதைக் கடக்கும்போது ஒருமுறை வாட்சைப் பார்த்துக்கொள்வேன். நம் ஊரில் ஒருவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார் என்பது எனக்குத் தெம்பு.

மலை நாளுக்கு எழுதும் கால்ஷீட் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். டிசம்பர் என்றால் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் உதிக்கும். போட்டோகிராபர், இரண்டு உதவியாளர்கள், எழுதுகிறவர் நால்வரும் முந்தின நாள் சாயங்காலமே மேலே போய்த் தங்கிவிட வேண்டும். விடியற்காலையில் சேலத்திலிருந்து கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தால் பாதிப் பேருக்குத் தலைசுற்றல், மீதிப் பேருக்கு வாந்தி. ஃபேஷன் ஷூட்டில் மாடலையும் மேக்கப் செய்பவரையும் இப்படிக் கூட்டி வந்தால் முகத்தில் சோர்வு தெரியும், எந்த டச்சப்பும் அதை மறைக்காது. ஐந்தரைக்கு டீ. ஆறு மணிக்கு இடத்தில் ஸ்டாண்டுகள் நின்றிருக்க வேண்டும். ஆறரையிலிருந்து ஏழேகால் வரை வெளிச்சச் சோதனை, அதற்கு ஓர் உதவியாளர் நிற்க வேண்டும். பறிப்பவர்கள் வந்த பிறகு அவர்கள் வேலையை அவர்கள் செய்வார்கள், நாம் பின்னாலேயே போவோம். சாப்பாடு அவர்கள் சாப்பிடும் நேரத்தில்தான், ஒரு மணி நேரம் முன்னே பொட்டலத்தைப் பிரித்து அவர்கள் எதிரில் உட்காராதீர்கள்.

தாளின் அடியில் மூன்று விஷயம் கட்டாயம்: பக்கத்து ஆஸ்பத்திரி, செல்போன் சிக்னல் கிடைக்கும் இடம், மழை வந்தால் என்ன செய்வது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மலைக்குக் குப்பனூர் வழியாக மாற்றுப் பாதை ஒன்று இருக்கிறது என்பதை டிரைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பை

பட்டியல் போட்டால் நீளும், கடையில் விற்பவரே அதைச் சொல்லுவார். நான் பார்த்த வரையில் புதியவர்கள் தவறவிடுவதை மட்டும் சொல்கிறேன். ட்ரிகருக்கு மாற்று பேட்டரி, அதுவும் கேமரா பையில் இல்லாமல் உங்கள் சட்டைப் பையில். தெர்மாகோல் இரண்டு ஷீட், ஒரு பக்கம் கருப்புச் சார்ட் ஒட்டியது. வெயிலை மென்மையாக்க நாலுக்கு நாலு அடியில் வெள்ளை ஸ்கிம்மர் துணி. நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை, அதாவது கிரே கார்டு. துணி கிளிப் ஒரு டஜன். காலி மணல் பைகள்: நிரப்பிய பையைச் சரிவில் சுமக்க வேண்டாம், மேலே போய் அங்கிருக்கும் கல்லை நிரப்பி ஸ்டாண்டில் தொங்கவிட்டு, முடிந்ததும் கொட்டிவிட்டு வரலாம். உட்கார ஒரு மடக்கு ஸ்டூல். அது நமக்காக இல்லை.

மலையில்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரம், சேலம் 300-க்கும் கீழே. காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஏறி வந்து கதவைத் திறந்ததும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். குளிர்ந்த கண்ணாடி ஈரக்காற்றைத் தொட்டால் நடக்க வேண்டியது அது. துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். கடைசி அரை மணி நேரம் ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள். பையின் ஜிப்பைத் திறக்காமல் இருபது, முப்பது நிமிடம் அப்படியே வையுங்கள். காலைக் குளிரில் வெளியே இருந்த கேமராவைச் சூடான சமையலறைக்குள் கொண்டுபோனாலும் இதே கதைதான்.

பனிமூட்டம் இறங்கினால் புதியவர்கள் பயந்து லைட்டை எடுக்கிறார்கள். எடுக்காதீர்கள். மூட்டமே ஒரு பெரிய சாஃப்ட் பாக்ஸ். கேமராவுக்குப் பக்கத்தில் ஃபிளாஷ் அடித்தால் நடுவில் இருக்கும் நீர்த்துளிகள்தான் வெளுத்துத் தெரியும், ஆள் தெரியமாட்டார். கேமரா வெள்ளை மூட்டத்தைச் சாம்பலாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் ஏற்றி வையுங்கள் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரு மடங்கு). ஆட்டோஃபோகஸ் தேடித் தேடித் தடுமாறும், புடவைக் கரையோ கூடை விளிம்போ, கோடு தெளிவாக இருக்கும் இடத்தைப் பிடித்துக் கொடுங்கள்.

மூட்டம் கலைந்ததும் எதிர்ப் பிரச்சினை வரும். நிழல் மரங்களின் இலைவழியே வெயில் காசு காசாக முகத்தில் விழும். நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, கன்னத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதற்குத்தான் ஸ்கிம்மர். இரண்டு பேர் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தால் முகத்தில் ஒரே சீரான வெளிச்சம். இன்னொரு சங்கதி கண்ணுக்குத் தெரியாது, படத்தில்தான் தெரியும்: சுற்றிலும் பச்சை இலை, ஆகவே தோலிலும் பச்சை ஏறிவிடும். தாடைக்குக் கீழே பாருங்கள், அங்கேதான் முதலில் காட்டும். கீழிருந்து வரும் பச்சையைக் கருப்புத் துணி விரித்து அடக்கலாம், பக்கத்தில் தெர்மாகோல் பிடித்து வெள்ளை வெளிச்சத்தைக் கூட்டலாம். இடம் மாறும்போதெல்லாம் கிரே கார்டை வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். அந்தக் கார்டையும் உதவியாளர்தான் பிடிக்க வேண்டும்.

எல்லாம் தயார் ஆன பிறகுதான் ஆளை அழைப்பது. அழைப்பதுகூட வேண்டாம், பெரும்பாலும் அவர் பறிக்கும் வரிசையில் அடுத்து எந்தச் செடிக்கு வருவார் என்று பார்த்து அங்கே தயாராக நிற்கலாம். "அக்கா, நீங்க பாட்டுக்குப் பறிங்க, இந்தப் பக்கம் பாக்க வேணாம்ங்க" என்று சொல்லிவிட்டால் போதும். முதல் ஐந்து நிமிடம் விறைப்பாக இருக்கும். பிறகு பக்கத்துச் செடிக்காரியோடு பேச்சு ஆரம்பிக்கும், பேச்சு ஆரம்பித்தால் கை தன்னால் தன் வேகத்துக்கு வந்துவிடும். அந்தக் கையைப் பாருங்கள். கிளையை இடது கை தாழ்த்தும், வலது கைக் கட்டைவிரல் சிவந்த பழத்தை மட்டும் திருகி எடுக்கும், பச்சைக்காய் பக்கத்திலேயே அசையாமல் இருக்கும். கண் பழத்தில் இருக்காது, அடுத்த கிளைக்குப் போயிருக்கும். எந்த மாடலுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது.

நேராகப் பார்க்கும் முகத்துக்கு மட்டும் ஐந்து நிமிடம் கேளுங்கள். ஐந்து என்றால் ஐந்து. அந்த நேரத்துக்கான கூலியை முன்பே பேசி, பறிப்பைத் தொடங்கும் முன் கையில் கொடுத்துவிடுங்கள். பத்திரிகை கொடுக்காவிட்டால் ஷூட் செலவில் எழுதுங்கள். செய்திப் படத்துக்குப் பணம் கொடுப்பது சரியா என்று சிலர் கேட்பார்கள். படத்துக்காகக் கொடுப்பது வேறு, கூலி இழந்த நேரத்துக்கு ஈடு கொடுப்பது வேறு. ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மேஸ்திரி கணக்குப்படி கொடுக்கிறேன். எனக்கு அதில் குழப்பம் இல்லை.

எடுத்த படத்தைக் கேமராத் திரையில் அவருக்குக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு வேறு எடுங்கள்.

பட்டறையில்

மறுநாள் செவ்வாய்ப்பேட்டைப் பக்கமோ சிவதாபுரம் பக்கமோ ஒரு கொலுசுப் பட்டறை. மலையில் கால் நீட்ட இடம் இருந்தது, இங்கே பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கேமரா, ஒரு லைட், ஒரு உதவியாளர், அதற்கு மேல் ஆள் உள்ளே வர வேண்டாம். 35 எம்.எம். லென்ஸ் போதும்.

வாசலிலேயே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டறையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், எடை போட்டுத்தான் திரும்ப வாங்குவார்கள். அராவும்போது தரையில் விழும் தூளையும் கூட்டிச் சேர்ப்பார்கள். ஆகவே செருப்பை வெளியே விடுங்கள், ஸ்டாண்டைத் தரையில் இழுக்காதீர்கள், கிளம்பும்போது ஸ்டாண்டின் காலை அங்கேயே தட்டிவிட்டு வாருங்கள். படத்துக்காக ஒரு ஜோடி கொலுசு வாங்கி வைத்தால், எடுக்கும் முன்னும் கொடுக்கும்போதும் அவர்கள் முன்னாலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள். யாரும் நம்மைச் சந்தேகப்படவில்லை. கணக்கு முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டியது அந்தப் பெண்தான், அவரைச் சிக்கலில் விடக் கூடாது.

டியூப் லைட்டை அணைக்கச் சொல்லாதீர்கள், அது அவர்கள் வேலைக்கான வெளிச்சம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழாது. பற்றவைக்கும் நெருப்பு இருக்கும் பக்கம் சாஃப்ட் பாக்ஸ் துணியைக் கொண்டுபோகவே வேண்டாம்.

கொலுசைத் தனியாக எடுப்பதுதான் இந்த இரண்டு நாளில் கடினமான வேலை. மெருகு போட்ட வெள்ளியில் தெரிவதெல்லாம் சுற்றியுள்ள அறை: உங்கள் கருப்புச் சட்டை, ஜன்னல், கேமரா, பச்சைச் சுவர், எல்லாம் ஒவ்வொரு முத்திலும் குட்டிக் குட்டியாக. லென்ஸின் முன் போலரைசர் ஃபில்டர் போட்டால் போய்விடும் என்று நினைப்பார்கள். தண்ணீர், கண்ணாடி, இலை இவற்றின் பளபளப்பை அது குறைக்கும், உலோகத்தில் நேராகத் தெரியும் பிம்பத்தை அது தொடாது. அறையை மாற்றிவிடுவதுதான் வழி. கொலுசைச் சுற்றி பட்டர் பேப்பரை வளைத்துக் கூடாரம் போலக் கட்டுங்கள், லென்ஸ் நுழைய மட்டும் ஓட்டை. வெளியிலிருந்து ஒரே ஒரு லைட். இப்போது வெள்ளி முழுக்க வெண்மையாகும், ஆனால் வடிவம் தட்டையாகிவிடும். அங்கேதான் கருப்புச் சார்ட் பேப்பர். விரல் அகலத்தில் இரண்டு துண்டு வெட்டி, கூடாரத்துக்குள் இருபக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஒரு நொடியில் ஒவ்வொரு முத்துக்கும் ஓரத்தில் மெல்லிய கருங்கோடு விழுந்து, அது உருண்டையாக எழுந்து நிற்கும். இதைப் பார்க்கும் உதவியாளர்கள் முகம் மலர்வதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஒரு விரல்ரேகையைக் கம்ப்யூட்டரில் அழிக்க அரை மணி நேரம் ஆகும்.

படத்தை லேப்டாப்பில் உடனுக்குடன் பார்க்கும்படி கேபிளில் இணைத்திருப்போம். அந்தத் திரையைப் பார்ப்பது உதவியாளர் வேலை. அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஃபோகஸ் கண்ணில் இருக்கிறதா, ஓரத்தில் தெர்மாகோல் முனை நுழைந்திருக்கிறதா, வெள்ளைப் பகுதி விவரமில்லாமல் வெந்துபோயிருக்கிறதா என்று மட்டும் பார்த்து மெதுவாகச் சொன்னால் போதும்.

ராத்திரி வேலை

வேலை முடிந்தது, பேக்-அப் என்று சொன்னதும் தட்டுவடை செட் சாப்பிடப் போகத் தோன்றும். முதலில் கேமராவின் மெமரி கார்டு. எடுத்து முடித்த கார்டைப் பையில் தலைகீழாக வைப்பது என் பழக்கம், வெறும் கார்டு என்று யாரும் தவறி எடுக்கமாட்டார்கள். இரண்டு தனித்தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்து, ஒன்றை வேறொருவர் பையில் கொடுத்துவிட்டுத்தான் சாப்பாடு. பத்திரிகை படத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும்வரை கார்டை அழிக்கக் கூடாது.

அன்றிரவே கேப்ஷன் குறிப்பையும் எழுதிவிடுங்கள். பெயர், இன்ஷியல், ஊர், என்ன வேலை, என்ன தேதி. பெயரை அவர்கள் சொல்லும்போதே நோட்டில் எழுதி அவர்களிடமே, அல்லது படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டுங்கள். வள்ளியம்மாளா வள்ளியம்மாவா என்பது நமக்கு ஓர் எழுத்து, அவருக்கு அது அவர் பெயர். "ஒரு பெண் தொழிலாளி" என்று பெயரில்லாமல் படம் வருவதைப் போல எனக்கு வருத்தம் தருவது வேறில்லை. பக்கத்திலேயே முதலாளிக்குப் பெயர் போட்டிருப்பார்கள்.

தேர்வும் திருத்தமும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு பக்கத்துக்கு முப்பது படம் அனுப்பினால் போதும், முந்நூறு அனுப்பினால் ஆசிரியர் நேரம் போகும். நிறம், வெளிச்சம் சரிசெய்யலாம். இருந்த பொருளை நீக்குவது, இல்லாததைச் சேர்ப்பது, தோலை வெளுப்பாக்குவது மூன்றும் கூடாது. கடைசி ஒன்றை லே-அவுட் மேசையில் யாராவது செய்துவிடுவார்கள், அதனால் "தோல் நிறத்தைத் தொட வேண்டாம்" என்று படத்தோடு எழுதியே அனுப்புவேன்.

காசும் உரிமையும்

உதவியாளராக வருகிறவர் தினக்கூலி, பஸ் செலவு, சாப்பாடு மூன்றையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நாளை நீங்களே போட்டோகிராபராகும்போது தெரிந்திருக்க வேண்டியது: 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவர்தான் பொதுவாக முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை அந்த எடுக்கச் சொன்னவருக்குப் போய்விடும். ஆகவே எந்த இதழில், எத்தனை முறை, இணையத்திலும் போடலாமா என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படத்துக்கான உரிமை, எடுத்தவர் வாழும் காலம் முழுக்கவும், அவர் இறந்த வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடமும் நிற்கும். அந்தப் படங்களை ஒரு காப்பித்தூள் கம்பெனி விளம்பரத்துக்குக் கேட்டால், பத்திரிகைக்கென்று அந்த அம்மா கொடுத்த சம்மதம் அதற்குச் செல்லாது. மறுபடி மலையேறிப் போய்க் கேட்க வேண்டும், பணமும் பேச வேண்டும்.

இதழ் வந்ததும்

படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். ஆசிரியரிடம் ஷூட்டுக்கு முன்பே இத்தனை பிரதி வேண்டும் என்று சொல்லிவையுங்கள், பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். கூடவே முகப் படத்தை எட்டுக்குப் பத்தில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து வையுங்கள், மலை ஈரத்தில் வெறும் பேப்பர் தாங்காது. பட்டறைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். மலைக்குப் போக முடியாவிட்டால் தபாலில் அனுப்புங்கள். கவரில் பறிப்பவர் பெயரோடு எஸ்டேட் பெயரையும் மேஸ்திரி பெயரையும் எழுத மறக்காதீர்கள், அந்தப் பக்கத்தில் தபால் பெரும்பாலும் அவர் கையில்தான் சேரும். ஒரு வாரம் கழித்து அவருக்கே போன் போட்டு, அந்த அம்மா கையில் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள்.